அந்தமானில் நான்கு நாள்: செல்லுலார் சிறை, ராஸ் தீவு, ஜாலிபாய் பவளப்பாறை – எதை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜனவரி கடைசியில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகிறோம். நான்கு நாள் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவும் பத்து வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். சிறை, ராஸ் தீவு, பவளப்பாறை மூன்றும் பார்க்க ஆசை. ராஸ், நார்த் பே, வைப்பர் மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்கிறார் டிராவல் ஏஜென்ட். எடுக்கலாமா? ஜாலிபாய்க்குத் தனியாகப் போவது அவசியமா?

பதில்:

அந்த ஒருநாள் சுற்றை எடுக்காதீர்கள். ராஸ் தீவுக்கு மட்டும் போய் வரும் படகு எடுங்கள். ஜாலிபாய்க்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சிறைக்கு ஒரு பிற்பகலும் அன்று மாலை ஒலி-ஒளிக் காட்சியும். நார்த் பே விட்டுப்போனால் பெரிய இழப்பில்லை. வைப்பர் தீவு பார்க்கத் தகுந்த இடம்தான். ஆனால் அந்தச் சுற்றில் அதற்கு ஒதுக்கும் நேரத்தில் தூக்குமேடைக் கட்டடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் படகுக்கு ஓடி வருவதற்குத்தான் முடியும்.

டிக்கெட் போடும் முன்பே காலண்டரைப் பாருங்கள். ஜாலிபாய் இருக்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ராஸ் தீவுக்குப் புதன்கிழமை விடுமுறை. சிறை தேசிய விடுமுறை நாட்களில் மூடியிருக்கும், நீங்கள் ஜனவரி கடைசியில் போவதால் 26-ஆம் தேதி எந்தக் கிழமையில் வருகிறது என்று பாருங்கள். இந்த மூன்றையும் கவனிக்காமல் போய், நான்கு நாளில் இரண்டை அறையிலேயே கழிக்கும் குடும்பங்கள் எல்லா வருடமும் உண்டு.

இன்னொன்று வெளிச்சம். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் மட்டும் நம்முடையதே. குளிர்காலத்தில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னை வழக்கப்படி பத்து மணிக்குக் கிளம்பி ஆறு மணி வரை சுற்றலாம் என்று போட்ட திட்டம் இங்கே எடுபடாது. காலை ஆறு மணிக்கே நன்றாக விடிந்திருக்கும். நாளை அங்கிருந்து தொடங்குங்கள்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ராஸ் தீவு 2018 டிசம்பர் 30 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட்டிலும் பலகையிலும் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைத்தெருவான அபர்டீன் பஜாரிலும் படகுத்துறையிலும் தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை.

இனி சிறை. விமானம் காலையிலோ முற்பகலிலோ இறங்கினால், சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து முதல் நாள் பிற்பகலே போங்கள். மதிய இடைவேளைக்கு வாசலை மூடுவார்கள், அது முடிந்து திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும். மூன்று மணிக்குப் பிறகு போனால் அருங்காட்சியகத்தைப் பார்க்கும்போதே விசில் ஊதிவிடுவார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் கையில் வையுங்கள்.

கட்டடத்தைப் புரிந்துகொண்டு பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று தளம். மொத்தம் எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள். எல்லாமே ஓர் ஆளுக்கு ஓர் அறை. கைதிகளை ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல் தனித்தனியே வைப்பதற்கென்றே கட்டிய சிறை இது. ஓர் அறையின் முன்பக்கக் கம்பிக்கதவு அடுத்த கட்டடத்தின் பின்சுவரைப் பார்த்தபடி இருக்கும். கதவருகே நின்றாலும் எதிரே இன்னொரு முகம் தெரியாது. கோபுரத்தில் நிற்கும் காவலாளியோ ஏழு கட்டடத்துத் தாழ்வாரங்களையும் பார்க்கலாம்.

ஏதாவது ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். ஏறக்குறைய பதின்மூன்றரை அடி நீளம், ஏழு அடி அகலம். பின்சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்னக் காற்றுவழி. பிறகு தாழ்ப்பாளைக் கவனியுங்கள். அது கதவிலேயே முடியாமல் நீளமாகப் பக்கத்துச் சுவருக்குப் போய், அங்கே குடைந்த மாடத்துக்குள் பூட்டில் சேரும். உள்ளே இருப்பவர் கம்பி வழியே முழங்கை வரை நீட்டினாலும் பூட்டு விரலுக்கு அகப்படாது. பையனை உள்ளே நிறுத்தி, கை எட்டுகிறதா பார் என்று சொல்லுங்கள். பத்து நிமிட விளக்கத்தைவிட அது அவனுக்கு மனதில் நிற்கும்.

ஏழில் இப்போது இருப்பது மூன்று கட்டடங்களும் கோபுரமும்தான். 1941 நிலநடுக்கத்தில் சேதம், இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்த ஜப்பானியர் காலத்தில் இடிப்பு, சுதந்திரத்துக்குப் பிறகும் இடிப்பு. முன்னாள் கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகே மிச்சம் தப்பியது. 1979 பிப்ரவரி 11-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவிடமாக அர்ப்பணித்தார். இடித்த பகுதியில் எழுந்த கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இன்றும் அங்கேயே இயங்குகிறது.

கோபுரத்துச் சுவர்களில் பளிங்குப் பலகைகளில் கைதிகளின் பெயர்கள் மாகாண வாரியாக இருக்கின்றன. வங்காளப் பெயர்களே மிகுதி, அடுத்து பஞ்சாப். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பலர் அங்கே வ.உ.சி. பெயரைத் தேடுகிறார்கள். அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. 1908-இல் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது உண்மை, ஆனால் சிறைவாசம் கோவையிலும் கண்ணூரிலும் கழிந்தது. செக்கிழுத்தார் என்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அந்தமானிலும் செக்கு உண்டு, முற்றத்துக் கொட்டகையில் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும், அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல். மாடு கட்டி இழுத்தாலே சிரமமான அளவு. குறைந்தால் கசையடி, விலங்கு, சாப்பாட்டுக் குறைப்பு. கசையடிக்குக் கட்டும் சட்டகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் நேரம் குறைவாக இருந்தால் 1933 உண்ணாவிரதம் பற்றிய பகுதியை மட்டுமாவது நின்று படியுங்கள். அந்த மே மாதம் கட்டாயமாக மூக்கில் குழாய் செருகிப் பால் ஊற்றினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் இறந்தார்கள். 1937-இல் மறுபடி ஒரு பெரிய உண்ணாவிரதம். அதன் பிறகுதான் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அந்த மூவரின் சிலைகளும் சிறையில் மாண்ட வேறு சிலரின் சிலைகளும் எதிரிலுள்ள பூங்காவில் நிற்கின்றன. பெரும்பாலோர் அதைக் கடந்து கார் ஏறிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு: சாவர்க்கர் இருந்த அறை மேல்தளத்தின் கடைசியில், மொட்டைமாடியும் படிக்கட்டு ஏறித்தான். மூட்டு வலி இருந்தால் கீழ்த்தள அறைகளையும் தூக்குக்கூடத்தையும் முற்றத்தையும் பார்த்தாலே போதும், அறைகள் எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரிதான். மாடிக்கு ஏற முடிந்தவர்களுக்கு அங்கிருந்து ராஸ் தீவு நேரே தெரியும். அதிகாரிகள் வாழ்ந்த தீவும் கைதிகள் கிடந்த சிறையும் எவ்வளவு பக்கம் என்பது அப்போது புரியும்.

ஒலி-ஒளிக் காட்சி முற்றத்திலேயே மாலையில் நடக்கும். பெரும்பாலும் இந்தி, சில நாட்களில் மட்டும் ஆங்கிலம். எந்த நாளில் எது என்பதை முன்பதிவின்போதே பாருங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு இரண்டும் சரளமில்லை என்றால், பிற்பகலில் உள்ளே வழிகாட்டியோடு சுற்றிவிட்டு அதன் பிறகு காட்சிக்கு உட்காருவதுதான் சரி. கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் மொழி தடையாகாது. திறந்தவெளி, கொசு உண்டு. கைகால்களுக்குக் கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

ராஸ் தீவுக்குப் படகு அபர்டீன் படகுத்துறையிலிருந்து, ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்தின் வழியாக. பயணம் கால் மணி நேரம்தான். டிக்கெட் வாங்கும்போதே அடையாள அட்டை கேட்பார்கள், எல்லோருடையதும் ஒரே ஆள் கையில் இருப்பது நல்லது. காலை முதல் படகுகளில் போங்கள். பத்தரைக்கு மேல் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வரும்.

1858-இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து 1941 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையிடம் இந்தச் சின்னத் தீவு. தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், அச்சகம், கிளப், கல்லறைத் தோட்டம் என்று ஒரு முழு ஊர். கட்டியவர்கள் கைதிகள். இப்போது சுவர்களை ஆல், அத்தி வகை மரங்களின் வேர்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பல இடங்களில் வேரை எடுத்தால் சுவர் விழுந்துவிடும். அதனால்தான் சுவர் மேல் ஏறாதீர்கள், வேரைப் பிடித்து ஊஞ்சல் ஆடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் கட்டிய கான்கிரீட் பதுங்குகுழிகளும் உண்டு. புள்ளிமான்கள் அருகே வரும். பிஸ்கட் கொடுக்க வேண்டாம், பிளாஸ்டிக் உறையோடு தின்றுவிடும்.

தீவு முழுக்க ஏற்ற இறக்கம். பெரியவர்களுக்குப் பேட்டரி வண்டி கிடைக்கும், இறங்கியவுடன் அதைப் பிடித்துவிடுங்கள், பிறகு வரிசை நீளும். கலங்கரை விளக்கப் பக்கம் இறங்கும் படிகள் செங்குத்தானவை, அது பையனுக்கும் உங்களுக்கும் மட்டும். இரண்டு மணி நேரம் போதும். ஏஜென்ட் சொல்லும் சுற்றில் ஒரு மணி நேரத்துக்குள் விசில் வந்துவிடும், கல்லறைத் தோட்டத்தை எட்டியே பார்த்திருக்க மாட்டீர்கள்.

திரும்பி வந்ததும் அதே நீர் விளையாட்டு வளாகத்தில் அபர்டீன் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1859 மே 17-இல் பெரிய அந்தமானியப் பழங்குடியினர் வில் அம்போடு பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தாக்கினார்கள். தப்பி ஓடி அவர்களோடு வாழ்ந்த கைதி தூத்நாத் திவாரி முன்கூட்டியே வந்து துப்புக் கொடுத்ததால் தோற்றார்கள். அந்த மக்கள் பிறகு நோயாலும் நில இழப்பாலும் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். தீவின் சொந்த மக்களுக்காக இருக்கும் நினைவிடம் அது. ராஸ் படகுக்கு நிற்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது வருத்தமான விஷயம்.

நேரம் இருந்தால் கடற்கரைச் சாலையில் இன்னும் சில. நேதாஜி 1943 டிசம்பர் 30-இல் கொடியேற்றிய மைதானம் இப்போது நேதாஜி ஸ்டேடியம். கார்பின்ஸ் கோவ் போகும் சாலையோரம் ஜப்பானியப் பதுங்குகுழிகள். ஹம்ஃப்ரிகஞ்சில் ஒரு நினைவிடம்: 1944 ஜனவரி 30-இல் உளவாளிகள் என்ற சந்தேகத்தில் ஜப்பானியப் படை 44 பேரைச் சுட்டுக்கொன்ற இடம். நீங்கள் போகும் சமயத்தில் ஜனவரி 30 வந்தால் அன்றைக்கே அங்கே போங்கள். வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டவர்களில் வைஸ்ராய் மேயோ பிரபுவை 1872 பிப்ரவரி 8-இல் கொன்ற ஷேர் அலி அஃப்ரிதியும் ஒருவர். கொலை நடந்தது எதிர்க்கரையில் ஹோப்டவுனில், அதற்கு மேலே நிற்கும் மவுண்ட் ஹாரியட் 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். 1891 போரில் தோற்று நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் மன்னரையும் அவருடைய ஆட்களையும் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

இனி பவளப்பாறை. இதில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983-இல் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 281 சதுர கிலோமீட்டர், 15 தீவுகள். பயணிகளுக்குத் திறப்பது இரண்டு தீவுகள் மட்டும், அதுவும் மாற்றி மாற்றி: மழை ஓய்ந்த பருவத்தில் ஜாலிபாய், மழைக்காலத்தில் ரெட்ஸ்கின். ஒன்றில் ஆட்கள் நடமாடும்போது மற்றொன்றுக்கு ஓய்வு. நீங்கள் ஜனவரியில் போவதால் உங்களுக்கு ஜாலிபாய். இரண்டில் பவளத்துக்கு அதுதான் மேல்.

நார்த் பேயை ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்கே கடல்நடை, கண்ணாடிப் படகு, ஸ்கூட்டர், ஸ்கூபா என்று எல்லாம் ஒரே சின்ன விரிகுடாவில் நாள் முழுக்க நடக்கிறது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த பாறை, கலங்கிய தண்ணீர். பையன் தலைக்கவசம் மாட்டிக் கடலடியில் நடக்க ஆசைப்பட்டால் அதற்காகப் போகலாம். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த கலங்கரை விளக்கக் காட்சியும் அங்கேதான். பவளத்தைப் பார்க்க என்றால் ஜாலிபாய்தான்.

ஜாலிபாய்க்கு அனுமதிச் சீட்டும் படகுக் கட்டணமும் தனித்தனி. அனுமதி வனத்துறையுடையது, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு உண்டு, சீசனில் தீர்ந்துவிடும். போர்ட் பிளேர் போய் இறங்கிய பிறகு கேட்டால் உங்கள் தேதிக்கு இல்லை என்பார்கள். ஊரிலிருந்தே போட்டுவிடுங்கள், அசல் அடையாள அட்டையை உடன் வையுங்கள். படகு கிளம்பும் வண்டூர், நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். படகுகள் காலையில் மட்டும், எட்டரை ஒன்பதுக்குள். ஆறரைக்குக் காரில் ஏறினால்தான் சீட்டுச் சோதனை, பை சோதனை எல்லாம் முடித்து நிதானமாக ஏற முடியும்.

வழியில் சிப்பிகாட்டில் காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சாலையின் இருபுறமும் தண்ணீர், நடுவே பட்டுப்போன தென்னை, பாக்கு அடிமரங்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வயல்களுக்குள் புகுந்த கடல் திரும்பிப் போகவில்லை. வண்டூரில் குடியேறிய முதல் தலைமுறையில் 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்காக மலபாரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. நீங்கள் முந்தின நாள் சிறையில் பார்த்த வரலாறு இந்தப் படகுத்துறை வரை தொடர்கிறது.

பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கூடாது. இது சும்மா பலகை இல்லை, பையைத் திறந்தே பார்ப்பார்கள். பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ், ஒருமுறை வீசும் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கவர் எதுவும் போகாது. உள்ளே விடும் பாட்டிலுக்குக் காப்புத்தொகை வாங்கி, திரும்பக் காட்டினால்தான் அதைத் தருவார்கள். தீவில் கடை இல்லை. எனவே முந்தின இரவே ஓட்டலில் சொல்லி, எவர்சில்வர் டப்பாவில் இட்லியோ எலுமிச்சைச் சாதமோ கட்டி வாங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். மாத்திரைகளைச் சிறிய உலோக டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், துணிப்பையில் துண்டும் மாற்றுத்துணியும். கழிப்பறை வசதி மிகக் குறைவு, வண்டூர் படகுத்துறையிலேயே போய்விட்டு ஏறுவது பெரியவர்களுக்கு நல்லது.

படகு அலையாத்திக் காடுகளுக்கு நடுவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் போகும். ஜாலிபாயில் படகுத்துறை கிடையாது. பெரிய படகு தள்ளி நிற்க, சின்னக் கண்ணாடிப் படகுக்கு மாறி, கரைக்குச் சற்று முன் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டு படகும் அலையில் ஏறி இறங்கும்போது மாறுவதுதான் உங்கள் பெற்றோருக்கு இந்தப் பயணத்திலேயே கஷ்டமான நொடி. கையில் எதையும் வைத்துக்கொள்ள விடாதீர்கள். இரண்டு படகும் ஒரே மட்டத்துக்கு வரும்போது, படகுக்காரர் சொன்ன பிறகு காலெடுத்து வைக்கட்டும். பின்பக்கம் பட்டை உள்ள ரப்பர் செருப்பு போடுங்கள், சாதாரண செருப்பு மணலில் உருவிக்கொண்டு போய்விடும். சேலையைவிடச் சுடிதார் வசதி.

நீந்தத் தெரியாதவர்களுக்குக் கண்ணாடிப் படகே போதும். கரைக்கு வரும்போது காட்டுவது சிறிது நேரம். தனியாகக் காசு கொடுத்து எடுக்கும் நீண்ட சுற்றுதான் நன்றாக இருக்கும். சூரியன் உச்சியை நெருங்கும்போது எடுங்கள், வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும். கண்ணாடியில் முகம் தெரிந்தால் ஒரு துண்டைத் தலையோடு போர்த்திக் குனிந்து பாருங்கள், அடிமட்டம் தெளிவாகத் தெரியும்.

எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது. இணையத்துப் படங்களில் இருக்கும் சிவப்பும் ஊதாவும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வந்தவை. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். உயிருள்ள பவளம் பெரும்பாலும் பழுப்பு, மங்கிய பச்சை, தேன் நிறம். அந்தப் பழுப்பு, பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசியின் நிறம். பாசிதான் வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது. கடல் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும், எலும்புக்கூடு வெளுத்துத் தெரியும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. எனவே கீழே பளீரென்ற வெள்ளையைக் காட்டி, எவ்வளவு அழகு பார் என்று பையனுக்குச் சொல்லாதீர்கள், அது பட்டினி கிடக்கும் பவளம். சாம்பல் நிறத்தில் பாசி படர்ந்த முறிந்த கிளைகள் செத்தவை. உருண்டைப் பாறைபோல நிற்கும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஆள் உயரம் இருந்தால் அதற்கு வயது நூற்றுக்கு மேல். ஒரு உதையில் அதன் மேல்தோல் போய்விடும்.

காதைத் தண்ணீருக்குள் வைத்தால் கடகடவென்று சுரண்டும் சத்தம் கேட்கும். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் அதில் உண்டு. அது தின்று கழித்த பொடியும் சேர்ந்துதான் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வெள்ளை மணல்.

ஸ்நார்கெல், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டித் தண்ணீரின் மேல் மிதந்து பார்ப்பது, செய்கிறவர்களுக்கு: முகமூடியை வாடகைக்கு வாங்குமுன் வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரியான அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள், வாரை இறுக்குவது தீர்வல்ல, இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். முடி விளிம்புக்குள் சிக்கக் கூடாது. மீசைக்காரர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவலாம். பையனுக்குச் சிறுவர் அளவு வேண்டும், பெரியவர் முகமூடி அவனுக்குக் கட்டாயம் கசியும், அதோடு பயந்து மறுபடி இறங்கவே மாட்டான். கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்பக்கம் எச்சில் தேய்த்து ஒரு முறை அலசினால் போதும். இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில், ஐந்து நிமிடம் மூச்சுப் பழகிய பிறகே பாறைப் பக்கம் போங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம், நீந்தத் தெரிந்தாலும். களைத்தால் பாறை மேல் நிற்கக் கூடாது, மல்லாந்து மிதக்க வேண்டும். நிற்பது பவளத்தைக் கொல்லும், உங்கள் காலையும் கிழிக்கும். பவளக் கீறல் லேசாகத் தெரிந்தாலும் சீக்கிரம் சீழ் பிடிக்கும், நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள்.

முதுகு வெந்துபோவதுதான் எல்லோருக்கும் நேரும் சங்கடம். சன்ஸ்கிரீனை நம்புவதைவிட முழுக்கை டி-ஷர்ட் போட்டு இறங்குங்கள். சில சன்ஸ்கிரீனில் உள்ள ஆக்ஸிபென்சோன் பவளத்துக்குக் கெடுதல் என்பதால் அதுவே இரண்டு வகையில் நல்லது.

ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தையும் பாருங்கள். போர்ட் பிளேர் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் மிக ஆழமாக இறங்கும், பாறைக்கு மேல் தண்ணீர் ஒரு அடிகூட இல்லாமல் போகும், அப்போது மிதந்து பார்க்கவே முடியாது. படகு நேரம் உங்கள் கையில் இல்லை, தேதி உங்கள் கையில் இருக்கிறது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏற்றம் வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பி வந்து வண்டூர் கடற்கரையில் குளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்து அலையாத்தி ஓடைகளில் உப்புநீர் முதலை உண்டு, பக்கத்திலேயே லோஹாபராக்கில் முதலைச் சரணாலயம். 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும் ஓடை கடலில் சேரும் இடத்திலும் கணுக்கால் அளவுகூட இறங்க வேண்டாம். மாலை மங்கிய பிறகு எங்கேயும் வேண்டாம்.

கடல் குமட்டுகிறவர்களுக்கு மாத்திரை படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. இரத்த அழுத்த மருந்து சாப்பிடும் பெற்றோருக்கு எது ஒத்துப்போகும் என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கூபா ஆசை உங்களுக்கு இருந்தால், கடைசி நாள் வேண்டாம். முங்கி எழுந்து 24 மணி நேரம் கழித்து விமானம் ஏறுவது பாதுகாப்பு. சளி இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், காது அடைத்தபடி இறங்கினால் செவிப்பறை கிழியும்.

ஆக, வரிசை இப்படி: முதல் நாள் பிற்பகல் சிறை, மாலை காட்சி. இரண்டாம் நாள் ஜாலிபாய். மூன்றாம் நாள் காலை ராஸ், பிறகு அபர்டீன் நினைவுச்சின்னம், கடற்கரைச் சாலை. நான்காம் நாள் ஹம்ஃப்ரிகஞ்ச் அல்லது மவுண்ட் மணிப்பூர். ஜாலிபாயை இரண்டாம் நாளே வைப்பதற்குக் காரணம், காற்று எழும்பிப் படகை நிறுத்தினால் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் மிச்சமிருக்கும். இரண்டாம் நாள் திங்களாக வந்தால் ராஸை முன்னுக்கு இழுத்து ஜாலிபாயை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் பையன் பாக்கெட்டில் போட விடாதீர்கள். செத்த துண்டானாலும் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. விமான நிலைய ஸ்கேனரில் அது தெளிவாகத் தெரியும், பையைப் பிரிக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள், வழக்கும் வரலாம். சிப்பி நகையோ அலங்காரப் பொருளோ வாங்கினால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதை விமானம் ஏறும் வரை கைப்பையிலேயே வைத்திருங்கள்.